காசு கொடுத்துக் கூடாரத்தில் படுப்பதா?

விடுமுறை வந்துவிட்டால் எங்காவது போய்வர வேண்டும் என்ற ஆசை இப்போது நம் குடும்பங்களிலும் பெருகி வருகின்றது. நல்ல விடயம்தான். வீடு, பாடசாலை, கடை, வயல் என்று வருடம் முழுவதும் ஓடிக்கொண்டிருப்பவர்களுக்கு ஓரிரு நாள் ஓய்வு அவசியம். முன்பெல்லாம் நுவரெலியாவுக்குப் போனால் பூங்காவையும் வாவியையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவோம். அண்மைக் காலமாக வேறொரு நாட்டம் வந்திருக்கிறது. காட்டுக்குள் கூடாரம் அடித்து ஓரிரவு தங்குவதுதான் அது.

இப்படித் தங்கிவிட்டு வந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஒருவர், "மறக்க முடியாத இரவு" என்பார். அவரோடு அதே கூடாரத்தில் படுத்திருந்தவர், "காசைக் கொடுத்துக் கஷ்டத்தை வாங்கினோம்" என்பார். இருவரும் பொய் சொல்லவில்லை. இடமும் ஒன்று, இரவும் ஒன்று. அனுபவம் மட்டும் வேறு வேறாக இருக்கிறது.

இது ஏன் என்பது எனக்கும் விளங்காமல்தான் இருந்தது. ஹோட்டன் சமவெளியில் இரண்டு முறை தங்கினேன். முதல் முறை என்னுடைய கவலையீனத்தால் மகனை ஆபத்தில் தள்ளினேன். அதன் பிறகே ஓரளவு விளங்கியது. மற்றக் குடும்பங்களுக்குப் பயன்படட்டும் என்பதற்காக எதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

உம்மாவின் கேள்வி

எங்கள் ஊர் மூதூர். 2017 ஜனவரியில் குடும்பத்தோடு ஹோட்டன் சமவெளிக்குப் போய்க் கூடாரத்தில் தங்குவதென்று தீர்மானித்தோம். யோசனை மச்சானுடையது. வீடியோக்களில் பார்த்திருந்தாராம். பிள்ளைகள் துள்ளிக் குதித்தார்கள். உம்மா மட்டும் கேட்டார்:

"என்னத்துக்கு மகன் காசு குடுத்துக் கூடாரத்துல படுக்கிற? நாம படுத்தது காணாதா?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. 2006 ஆகஸ்டில் யுத்தம் மூதூருக்குள் நுழைந்தபோது, உடுத்த உடையோடு ஊரே வெளிக்கிட்டது. கந்தளாயில் அகதிகளாகத் தங்கினோம். வெயிலில் கூடாரத்துக்குள் இருக்க முடியாது. மழையில் படுக்க முடியாது. மலசலகூடத்துக்கு வரிசை, தண்ணீருக்கு வரிசை. எங்கள் ஊரவர் அகராதியில் 'கூடாரம்' என்ற சொல்லுக்கு உல்லாசம் என்ற பொருள் கிடையாது.

பேரப்பிள்ளைகள் கெஞ்சியதால் உம்மா வரச் சம்மதித்தார். வரும்போது தன் பெட்டியின் அடியிலிருந்து ஒரு சாம்பல் நிறக் கம்பளியை எடுத்து மடித்து வைத்துக்கொண்டார். கந்தளாயில் நிவாரணமாகக் கிடைத்த கம்பளி அது. "இதையுமா தூக்கி வாறீங்க?" என்று ராத்தா சிரித்தார். நானும் சிரித்தேன்.

நாங்கள் கொண்டு போனவை

பெரியவர்கள் ஐந்து பேர், பிள்ளைகள் நான்கு பேர். ஒரு வேன் பிடித்தோம். பிரியாணிச் சட்டி, கோழி, சோடாப் போத்தல்கள், பாட்டுப் பெட்டி, பிள்ளைகளுக்குப் பந்து எல்லாம் ஏற்றினோம். வாடகைக்கு மூன்று கூடாரங்கள் எடுத்தோம். மெல்லிய ஒற்றைத் துணிக் கூடாரங்கள். விரிக்கப் பாயும் போர்க்கப் படுக்கை விரிப்பும். ஊரில் மார்கழிக் குளிருக்கு அது போதும். அங்கும் போதும் என்று நினைத்தோம்.

கந்தளாய், ஹபரணை, கண்டி, நுவரெலியா, பட்டிப்பொல என்று ஏறிச் சென்றோம். நுழைவாயிலில் பொதிகளைத் திறந்து பொலித்தீன் உறைகளை அகற்றினார்கள். மச்சான் அதற்கே முகம் சுளித்தார்.

ஹோட்டன் சமவெளி கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேல் உயரத்தில் விரிந்து கிடக்கும் புல்வெளியும் முகில் காடும் ஆகும். 1831 முதல் 1837 வரை இங்கு ஆளுநராக இருந்த ரொபர்ட் வில்மட் ஹோட்டனின் பெயரே அதற்கு இடப்பட்டது. 1988 மார்ச்சில் தேசிய பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. பரப்பளவு சுமார் 3,160 ஹெக்டயர். 2010 இல் சிவனொளிபாத மலைக் காட்டோடும் நக்கிள்ஸ் மலைத் தொடரோடும் சேர்த்து யுனெஸ்கோ அதை உலக மரபுரிமையாக ஏற்றுக்கொண்டது. சுமார் 870 மீற்றர் செங்குத்தாக இறங்கும் 'உலக முடிவு' பள்ளத்தைப் பார்க்கத்தான் பெரும்பாலானோர் வருகிறார்கள். பகலில் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். முன்கூட்டியே அனுமதி பெற்றவர்கள் மாத்திரம் இரவில் தங்கலாம்.

கூடாரம் அடிக்கும் இடத்தைக் கண்டதும் மச்சான் கேட்ட முதல் கேள்வி, "இவ்வளவுதானா?" என்பதுதான். மின்சாரம் இல்லை. கடை இல்லை. கைத்தொலைபேசி வேலை செய்யவில்லை. ஒரு பக்கம் புல்வெளி, மறுபக்கம் பாசி படர்ந்த குட்டை மரங்கள். எளிமையான மலசலகூடம், கை வைக்க முடியாத அளவு குளிர்ந்த தண்ணீர். வீடியோவில் இவையொன்றும் தெரிந்திருக்கவில்லை.

அந்த இரவு

மாலை ஆறரைக்கே இருட்டி, முகில் இறங்கியது. மஃரிபையும் இஷாவையும் சேர்த்துச் சுருக்கித் தொழுதோம். வுழூச் செய்த கைகள் நீண்ட நேரம் விறைத்தே கிடந்தன. பிரியாணி வேகுவதற்கு ஊரில் எடுக்கும் நேரத்தைப் போல ஒன்றரை மடங்கு எடுத்தது. பிள்ளைகள் அரைகுறையாகச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார்கள்.

பத்து மணிக்குப் பின் முகில் விலகி வானம் வெளித்தது. நட்சத்திரங்கள் அப்படியொரு நெருக்கமாகத் தெரிந்தன. ஆனால் குளிரும் அப்போதுதான் தொடங்கியது. பாயின் கீழிருந்து நிலமே குளிரை ஊட்டியது. எங்கள் மூச்சே கூடாரத் துணியில் நீராகி மேலே சொட்டியது. போர்வைகள் நனைந்தன. யாரும் தூங்கவில்லை.

இரண்டு மணியிருக்கும். ஏழு வயதான என் மகனுக்கு இழுப்புத் தொடங்கியது. அவனுக்குச் சிறு வயதிலிருந்து தொய்வு இருந்தது. ஒரு வருடமாக வராததால் அவனது இன்ஹேலரை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தேன். பாட்டுப் பெட்டியை மறக்காத நான் அதை மறந்திருந்தேன். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை இன்னும் என் நெஞ்சில் இருக்கிறது.

உம்மா எழுந்து வந்து, தன் கம்பளியால் அவனைச் சுற்றி, நிமிர்த்தி மடியில் வைத்துக்கொண்டார். எங்களோடு காவலுக்கு வந்திருந்த உத்தியோகத்தர் ஒரு சிங்களச் சகோதரர். அவர் தன் கேத்தலில் சுடுநீர் வைத்துத் தந்தார். இரவில் பூங்காவுக்குள் வாகனம் ஓட விடுவதில்லை. ஆனாலும் அவர் வானொலிக் கருவியில் மேலதிகாரியோடு பேசி வாயிலைத் திறக்க ஏற்பாடு செய்தார். முகிலுக்குள் வேன் ஊர்ந்தது. வைத்தியசாலையில் நெபுலைஸர் வைத்து அரை மணித்தியாலத்தில் மகன் சீராக மூச்சு விட்டான். அல்ஹம்துலில்லாஹ். "தொய்வுள்ள பிள்ளையை மருந்தில்லாமல் அந்தக் குளிருக்கு யார் கொண்டு போகச் சொன்னது?" என்று அந்த இளம் வைத்தியர் கேட்டார். பதில் சொல்ல என்னிடம் வார்த்தை இருக்கவில்லை.

ஒரே குடும்பம், ஐந்து தீர்ப்பு

காலையில் ஏனையோரை அழைத்துவரத் திரும்பிப் போனோம். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த இரவைப் பற்றிய வழக்குத்தான்.

மச்சானின் தீர்ப்பு, காசு வீண் என்பதாகும். இதே காசுக்கு நுவரெலியாவில் சுடுநீர்க் குழாயோடு அறை கிடைத்திருக்குமாம். ராத்தாவின் முறைப்பாடு வேறு. இருட்டில் பெண்கள் மலசலகூடத்துக்குப் போய்வருவது எவ்வளவு சங்கடம் என்பதை ஆண்கள் யாரும் யோசிக்கவில்லை என்றார். அது முழுக்க உண்மை. போகும்போது ஒரேயொரு டோர்ச் லைட்டைத்தான் எடுத்துச் சென்றிருந்தோம். மனைவிக்குப் பயம் மாத்திரமே மிஞ்சியது.

மகனிடம் கேட்டபோது, "வாப்பா, புல்லெல்லாம் வெள்ளையாகி இருந்துச்சே, அது ஐஸா?" என்றான். இழுப்பை அவன் மறந்துவிட்டிருந்தான். விடியலில் புல்நுனிகளில் பூத்திருந்த உறைபனியைப் பற்றித்தான் பேசினான். வேன் திரும்பி வந்து நின்றபோது வெயில் படாத பள்ளத்தில் அது இன்னும் எஞ்சியிருந்தது.

உம்மாவிடம் கேட்டேன். அவர் அன்று மகனோடு வைத்தியசாலைக்கு வரவில்லை. கூடாரத்து வாசலில் உட்கார்ந்து விடியும் வரை துஆச் செய்துகொண்டிருந்தாராம். வெளிச்சம் வரும்போது மரைக் கூட்டமொன்று அருகில் வந்து மேய்ந்ததாம். "எனக்கெண்டா நல்லாத்தான் இருந்துச்சு மகன். கந்தளாயில எப்ப வீட்ட போவோம் எண்டு தெரியாது. இஞ்ச, நாளைக்குப் போயிருவோம் எண்டு தெரியும். அதுதான் வித்தியாசம்" என்றார்.

காசு கொடுத்து ஏன் கூடாரத்தில் படுக்க வேண்டும் என்று கேட்டவரே அதற்கான பதிலையும் சொல்லிவிட்டார். நிர்ப்பந்தத்தில் இழப்பதற்கும் தெரிந்துகொண்டு துறப்பதற்கும் இடையே பெரிய தூரம் இருக்கிறது. மச்சானும் நாங்களும் தெரிந்துகொண்டு போகவில்லை. இல்லாமைக்குள் போகிறோம் என்று தெரியாமல் போனோம். ஆகவே ஒவ்வொரு இல்லாமையும் எங்களுக்கு ஏமாற்றமாகப் பட்டது.

குளிரின் கணக்கு

ஊர் வந்த பின்னர் விடயமறிந்தவர்களிடம் விசாரித்தும் வாசித்தும் எங்கள் தவறுகளைப் புரிந்துகொண்டேன்.

ஹோட்டன் சமவெளியின் வருடாந்தச் சராசரி வெப்பநிலை 13 பாகை செல்சியஸ் அளவுதான். ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் பகல் வெயில் நன்றாக இருக்கும். ஆனால் முகிலில்லாத இரவில் நிலத்தின் வெப்பம் தடையின்றி வானுக்குப் போய்விடும். குளிர்ந்த காற்று பாரமானது. அது பள்ளத்துக்குள் வழிந்து தேங்கும். உறைபனி அங்குதான் விழும். காற்றுக்கு ஒதுக்கு என்று நினைத்து நாங்கள் கூடாரம் அடித்ததும் அந்தப் பக்கம்தான். சற்று மேடான இடமே நல்லது.

உடலின் சூட்டை மேலே உள்ள காற்றைவிடக் கீழே உள்ள நிலமே விரைவாக உறிஞ்சும். எனவே மேலே இரண்டு போர்வை போடுவதைவிடக் கீழே ஒரு தடித்த விரிப்பு முக்கியமானது. பருத்தித் துணி நனைந்தால் சூட்டைத் தராது. கம்பளி நனைந்தாலும் ஓரளவு தரும். உம்மாவின் நிவாரணக் கம்பளியைப் பார்த்துச் சிரித்த எங்களுக்கு இந்த விடயம் தெரிந்திருக்கவில்லை. கூடாரம் இரட்டைத் துணியாக இருந்தால் மூச்சு நீராகி நம்மீது சொட்டாது. உயரத்தில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடுவதால் சோறும் இறைச்சியும் வேகத் தாமதமாகும். வீட்டிலேயே சமைத்துக் கொண்டுபோய்ச் சூடாக்குவதே புத்தி.

இரண்டாவது முறை

ஆறு வருடம் கழித்து, 2023 பெப்ரவரியில், மகன் மீண்டும் கேட்டான். அவனுக்கு அப்போது பதின்மூன்று வயது. முதலில் வைத்தியரிடம் காட்டினோம். இரண்டு இன்ஹேலர்கள் வாங்கி, ஒன்றை அவன் சட்டைப் பையிலும் மற்றதை என் பையிலும் வைத்தோம். தடித்த விரிப்பு, கம்பளி, தொப்பி, காலுறை, ஆளுக்கொரு டோர்ச், பிளாஸ்கில் இஞ்சித் தேநீர், பாண், சம்பல், அவித்த முட்டை. அவ்வளவுதான். மச்சான் வரவில்லை. உம்மா வந்தார், அதே கம்பளியோடு.

பக்கத்தில் இளைஞர் குழுவொன்று கூடாரம் அடித்திருந்தது. இருட்டியதும் பாட்டை உரக்கப் போட்டு ஆடினார்கள். மிஞ்சிய சோற்றைப் புல்வெளியில் கொட்டினார்கள். மரைகள் வந்து முகர்ந்தன. பிள்ளைகள் கைபேசியில் படம் எடுத்தார்கள்.

எனக்கு எரிச்சல் வந்தது. ஆனால் 2017 இல் நாங்கள் தூக்கிச் சென்ற பாட்டுப் பெட்டியும் நினைவுக்கு வந்தது. போய் ஸலாம் சொல்லி, மெதுவாகக் கேட்டேன். அவர்களில் ஒரு தம்பி சொன்னான்: "சேர், ஆடாட்டி விறைச்சுப் போயிருவோம். இப்பிடிக் குளிரும் எண்டு யாரும் சொல்லல்ல." பார்த்தேன். மெல்லிய சட்டை, ரப்பர்ச் செருப்பு. எங்கள் பழைய குடும்பமே அங்கு நின்றுகொண்டிருந்தது.

பிளாஸ்கைக் கொண்டு வந்து கொடுத்தோம். மேலதிகமாகக் கொண்டு போயிருந்த இரண்டு கம்பளிகளையும் கொடுத்தோம். பாட்டு நின்றது. மகன் அவர்களிடம் சொன்னான்: "திருகோணமலை டவுனில மான்கள் குப்பையும் பொலித்தீனும் தின்னுறதை நாங்க கண்டிருக்கம். சோறு போட்டுப் பழக்கினா இதுகளும் அப்படித்தான் வரும்." அந்தத் தம்பிமார் டோர்ச் அடித்துக் கொட்டிய சோற்றைக் கூடியவரை அள்ளியெடுத்தார்கள். மனிதரைத் தேடி வரப் பழகிய மரைக்குப் பின்னால் அதை இரையாக்கும் சிறுத்தையும் வரக்கூடும் என்று காவலரும் எச்சரித்தார்.

அன்றிரவும் குளிர்தான். உறைபனியும் விழுந்தது. ஆனால் நாங்கள் தூங்கினோம். சுபஹுக்குப் பின் உலக முடிவுக்கு நடந்தோம். காலை ஒன்பது, பத்து மணிக்குள் முகில் ஏறி அந்தப் பள்ளத்தை மூடிவிடும். தூர ஊர்களிலிருந்து வருபவர்கள் பலர் வெள்ளை முகிலை மட்டும் பார்த்துவிட்டு ஏமாந்து திரும்புவதுண்டு. எங்களுக்குத் தெளிவாகக் கிடைத்தது. இரவில் தங்கியதன் பெரிய இலாபம் அதுதான்.

எங்கள் ஊர்த் தண்ணீர்

திரும்பும்போது உம்மா ஓர் ஓடைக்கரையில் நின்று கேட்டார்: "இந்தத் தண்ணியா நம்மட ஊருக்கு வாற?"

"இல்ல உம்மா. இது பெலிஹுல் ஓயா. தெற்கே வளவை கங்கைக்குப் போகுது. அந்தப் பக்கம் சரியிற அக்ர ஓயாத் தண்ணிதான் கொத்மலை ஓயாவில சேர்ந்து மகாவலிக்குப் போற" என்றேன்.

மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று கங்கைகளுக்கும் ஊற்றாக இருக்கும் இடம் இது. களனித் தண்ணீரைத்தான் கொழும்பு குடிக்கிறது. இங்குள்ள குட்டை மரங்களின் இலைகளும் பாசியும் கடந்து செல்லும் முகிலிலிருந்து நீரைச் சேர்த்துச் சொட்டச் சொட்ட நிலத்துக்கு விடுகின்றன. கறுத்த மண் அதைப் பஞ்சுபோல் பிடித்து வைத்து, மழையில்லாத காலத்தில் மெல்ல மெல்ல ஓடைக்கு விடுகிறது. மகாவலி 335 கிலோமீற்றர் ஓடி எங்கள் கொட்டியாரக் குடாவில் கடலில் விழுகிறது. அதன் கிளையிலிருந்துதான் மாவிலாறு எங்கள் பகுதி வயல்களுக்கு நீர் கொடுக்கிறது. 2006 ஜூலையில் மாவிலாற்றின் மதகு மூடப்பட்டதிலிருந்துதான் எங்களைக் கந்தளாய்க்கு ஓடவைத்த அந்தச் சண்டை மூண்டது. தண்ணீர் ஒரு மதகில் நின்றால் என்ன நடக்கும் என்று மூதூர்க்காரருக்கு யாரும் படிப்பிக்க வேண்டியதில்லை. அந்தத் தண்ணீர் பிறக்கும் மலையில் பொலித்தீனைப் பறித்து வைத்துக்கொண்டு விடுகிறார்களே என்று யாரும் முகம் சுளித்தால், இனி நான் அவர்களோடு வாதாடுவேன்.

போக விரும்புவோருக்கு

போங்கள். ஆனால் தெரிந்துகொண்டு போங்கள். அனுமதியை முன்கூட்டியே பெற்றுக்கொள்ளுங்கள். அங்கு எதுவும் இருக்காது என்று வீட்டிலுள்ள சிறு பிள்ளை வரை எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். பெண்களிடம் முதலில் கேளுங்கள். அவர்களுக்கு மலசலகூடம், வெளிச்சம், உடை மாற்ற மறைவு ஆகியவற்றை ஏற்பாடு செய்ய முடியாவிட்டால் பகலில் பார்த்துவிட்டுத் திரும்புங்கள். தொய்வு, இருதய நோய் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் போக வேண்டாம். கைக்குழந்தைகளைக் கூட்டிச் செல்ல வேண்டாம். மருந்தை ஒன்றுக்கு இரண்டாக எடுங்கள். வுழூவுக்குத் தண்ணீரைச் சூடாக்கிக்கொள்ளலாம். சிறு அடுப்பொன்று கையில் இருக்கட்டும். உலர்ந்த காலத்தில் அந்தப் புல் இலகுவில் தீப்பற்றும் என்பதால் காவலர் காட்டிய இடத்தில் மாத்திரம் அடுப்பு மூட்டுங்கள். கொண்டு போன குப்பையைத் திருப்பிக் கொண்டு வாருங்கள். இயன்றால் மேலதிகமாக ஒரு கம்பளி எடுத்துச் செல்லுங்கள். பக்கத்துக் கூடாரத்தில் தெரியாமல் வந்தவர்கள் இருப்பார்கள்.

அந்த இளைஞர்கள் எங்கள் இரண்டு கம்பளிகளையும் மறுநாள் மடித்துத் தந்தார்கள். உம்மாவின் கம்பளியை மட்டும் நாங்கள் யாருக்கும் கொடுக்கவில்லை. அது மறுபடியும் அவர் பெட்டியின் அடியில் இருக்கிறது. "அடுத்த முறை எப்ப மகன்?" என்று சென்ற நோன்புப் பெருநாளன்றும் கேட்டார். மச்சான் பக்கத்தில்தான் இருந்தார். இம்முறை அவர் வேண்டாமென்று சொல்லவில்லை. குளிர் எத்தனை பாகை இருக்கும் என்று மட்டும் கேட்டார்.